நீரடைப்பின் மொழியும் பதிவும்: புதுச்சேரி மருத்துவ வரலாற்றை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

சிறுநீர்ப்பை நிறைந்திருந்தும் நீர் பிரியாமல் நிற்கும் நிலையைத் தமிழ் மருத்துவ மரபு நீரடைப்பு, நீர்க்கட்டு ஆகிய பெயர்களால் குறிக்கிறது. மிகப் பழங்காலந்தொட்டு அறியப்பட்ட இந்நோய் வரலாற்று ஆவணங்களில் அரிதாகவே இடம்பெறுகிறது. அவையில் சொல்லத்தகாதவற்றை மறைத்துச் சொல்லும் மொழி மரபும், இறப்பின் காரணத்தைப் பதியாத ஆவண மரபும் இதற்கு அடிப்படைகளாக உள்ளன. பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்டிருந்த புதுச்சேரியில் 1950ஆம் ஆண்டு நிகழ்ந்த ஸ்ரீ அரவிந்தரின் இறுதி நோய், இவ்விரு மரபுகளையும் கடந்து விரிவாக எழுதப்பட்ட ஒரு சான்றாகும். நீரடைப்பைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள், அதற்கான கருவியின் வரலாறு, புதுச்சேரியின் ஆவண நிலை ஆகியவற்றோடு இச்சான்றை இணைத்து ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது.

திறவுச்சொற்கள்: நீரடைப்பு, நீர்க்கட்டு, இடக்கரடக்கல், சித்த மருத்துவம், பிரெஞ்சுப் புதுச்சேரி, ஸ்ரீ அரவிந்தர், மருத்துவ வரலாறு.

முன்னுரை

மருத்துவ வரலாறு பெரும்பாலும் கொள்ளைநோய்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பேதி, அம்மை, பிளேக் போன்றவை ஊர்களை அழித்தமையால் அரசுகள் அவற்றை எண்ணிப் பதிந்தன. தனி மனித உடலுக்குள் நிகழ்ந்து, வீட்டின் உள்ளறையிலேயே முடிந்துபோகும் நோய்களுக்கு அத்தகைய பதிவு வாய்க்கவில்லை. நீரடைப்பு அவ்வகை நோய்களுள் முதன்மையானது. முதுமையில் ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி பருத்தல், சிறுநீர்ப்பைக் கல், புறவழிச் சுருக்கம், மகப்பேற்றுக்குப் பிந்தைய நிலை, தண்டுவடப் பாதிப்பு எனப் பல காரணங்களால் இது தோன்றும். உரிய காலத்தில் நீரை வெளியேற்றினால் உயிர் பிழைக்கும் வாய்ப்புள்ளது. காலம் தாழ்ந்தால் பின்னழுத்தம் சிறுநீரகங்களைத் தாக்கி இரத்தத்தில் யூரியா மிகும். உயிருக்கே இறுதி நேரும்.

ஆகவே இந்நோயில் மருந்துக்கும் கருவிக்கும் முன்னதாக நிற்பது நோயாளியின் சொல். நோயாளி தன் நிலையை எப்போது, எச்சொல்லால், யாரிடம் சொல்கிறார் என்பதே பல வேளைகளில் நோயின் போக்கைத் தீர்மானிக்கிறது. அச்சொல்லின் வரலாற்றையும் அது பதிவானதன் வரலாற்றையும் புதுச்சேரியைக் களமாகக் கொண்டு பின்வரும் பகுதிகள் ஆராய்கின்றன.

இடக்கரடக்கலும் மருத்துவச் சொல்லும்

அவையில் கூறத்தகாத சொற்களை மறைத்துக் கூறவேண்டும் என்பது தொல்காப்பியச் சொல்லதிகாரம் வகுத்த நெறி. நன்னூல் இதனை இடக்கரடக்கல் எனப் பெயரிட்டு, மங்கலம், குழூஉக்குறி ஆகியவற்றோடு தகுதி வழக்கின் மூன்று வகைகளுள் ஒன்றாக வைத்தது. கழிவு நீக்கம் தொடர்பான சொற்களே இலக்கண உரைகளிலும் பாடநூல்களிலும் இதற்கு எடுத்துக்காட்டுகளாக வழங்குகின்றன. 'ஒன்றுக்குப் போதல்' என்னும் இன்றைய வழக்கும் இம்மரபின் தொடர்ச்சியே. 'சிறுநீர்' என்னும் சொல்லும் ஒருவகை மறைப்பே எனலாம். நீர் என்னும் பொதுப்பெயருக்கு அடை சேர்த்து அமைந்த அச்சொல், 'மூத்திரம்' என்பதைக் காட்டிலும் நாகரிகமானதாக எழுத்து வழக்கில் நிலைபெற்றுவிட்டது.

மருத்துவ நூல்கள் இம்மறைப்பை மேற்கொள்ளவில்லை. நோயறியும் முறைகளுள் ஒன்றாகச் சிறுநீரைக் கொண்டது சித்த மருத்துவம். தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி முறைகளில் நீரின் நிறம், மணம், எடை, நுரை, அளவு ஆகியன ஆராயப்பட்டன. அதில் விடப்பட்ட எண்ணெய்த் துளி பரவும் வடிவத்தைக் கொண்டு நோயின் தன்மை கணிக்கப்பட்டது. உடலில் தோன்றும் பதினான்கு வேகங்களுள் ஒன்றாகச் சிறுநீரைக் குறித்து, அதனை அடக்கலாகாது என்று சித்த நூல்கள் அறிவுறுத்தின. ஆக, ஒரே மொழிக்குள் சிறுநீரைப் பற்றி இரு ஒழுங்குகள் நிலவின. ஏடுகளில் மருத்துவர் வெளிப்படையாகப் பேசினார்; அவையில் நோயாளி மறைத்துப் பேசினார். நோயாளி மருத்துவரிடம் வரும் கணத்தில் இவ்விரு ஒழுங்குகளும் எதிர்ப்பட்டன.

பெருக்கலும் அருக்கலும்

சித்த மருத்துவப் பாடநூல்கள் சிறுநீர் நோய்களை நீரினைப் பெருக்கல், நீரினை அருக்கல் என இரண்டாகப் பகுக்கின்றன. நீரிழிவு முதல் வகையைச் சாரும். நீர் குறைதலும் தடைபடுதலும் இரண்டாம் வகையைச் சாரும். இவ்விரண்டாம் வகையின் சொற்கள் நுட்பமானவை. நீர் சுருங்கி அளவில் குறைவது நீர்ச்சுருக்கு. எரிச்சலோடும் வலியோடும் இறங்குவது நீர்க்கடுப்பு. கல்லால் வழி அடைபடுவது கல்லடைப்பு. நீர் வெளிவராமல் கட்டிநிற்பது நீர்க்கட்டு. வடமொழி மருத்துவத்தில் சுசுருத சங்கிதை மூத்திராகாதம் என்னும் தலைப்பில் பன்னிரண்டு வகைகளைக் கூறுகிறது.

பேச்சு வழக்கில் இந்நுட்பம் நிலைக்கவில்லை. 'நீர் பிரியவில்லை', 'நீர் இறங்கவில்லை' என்னும் தொடர்கள் இரு வேறு நிலைகளுக்கும் பொதுவாக வழங்குகின்றன. சிறுநீரகம் நீரை உண்டாக்காத நிலையில் பை வெறுமையாக இருக்கும். வழி அடைபட்ட நிலையில் பை நிறைந்திருக்கும். முன்னதற்கும் பின்னதற்கும் சிகிச்சை வேறு. நெருஞ்சில், சிறுபீளை, நீர்முள்ளி போன்ற நீர்பெருக்கி மூலிகைகள் நீர் குறைந்த நிலைக்கும் சிறு கற்களுக்கும் மரபில் பயன்பட்டு வருகின்றன. வழி முற்றிலும் அடைபட்டவருக்கு நீர் பெருக்குதல் உதவாது; நிறைந்த பையின் அழுத்தத்தையே அது மிகுவிக்கும். அங்குத் தேவைப்படுவது வெளியேற்றம்.

இதனினும் சிக்கலான மற்றொரு நிலையும் உண்டு. சிறுநீர்ப்பை ஏறத்தாழ 400 முதல் 500 மில்லிலிட்டர் கொள்ளத்தக்கது. அடைப்பு மெல்ல மெல்ல வளரும்போது பை விரிந்து, அதனினும் மிகுதியான நீரை வலியின்றித் தாங்கிக்கொள்ளும். நிறைந்த குளம் கலிங்கு வழியே வழிவதுபோல, மிஞ்சிய நீர் மட்டும் அடிக்கடி சிறிது சிறிதாக வெளியேறும். அந்நோயாளி, நீர் வரவில்லை என்று முறையிடுவதில்லை. அடிக்கடி போகிறது என்றே முறையிடுவார். சொல்லளவில் பெருக்கலாகத் தோன்றுவது உடலளவில் அருக்கலாக இருக்கும். முதியவர் இரவில் பலமுறை எழுந்து செல்வதை வயதின் இயல்பாகவோ நீரிழிவாகவோ குடும்பத்தார் கருதி வாளாவிருப்பதற்கு இச்சொல் மயக்கமும் ஒரு காரணமாகும்.

கருவியின் வரலாறு

அடைபட்ட நீரை வெளியேற்றக் குழலைப் பயன்படுத்தும் அறிவு மிகப் பழமையானது. சுசுருத சங்கிதை கூறும் நாடி யந்திரங்களுள் மூத்திர வழிக்குரிய குழல்களும் அடங்கும். நெய் பூசிச் செலுத்தும் முறையும் அறியப்பட்டிருந்தது. ரோமானியர் பயன்படுத்திய வளைந்த வெண்கலக் குழல்கள் பொம்பேயி நகரின் இடிபாடுகளிலிருந்து கிடைத்துள்ளன.

19ஆம் நூற்றாண்டில் இத்துறையின் தலைமையிடமாகப் பாரீஸ் விளங்கியது. சிறுநீர்ப்பைக் கல்லை வயிற்றைக் கிழிக்காமல் உள்ளேயே உடைத்தெடுக்கும் முறையை 1824இல் சிவியால் அங்கு நிகழ்த்திக் காட்டினார். ஷாரியேர் என்னும் கருவிப் படைப்பாளர் குழல்களின் பருமனுக்கு ஓர் அளவுமுறை வகுத்தார். அதில் ஓர் அலகு விட்டத்தில் மூன்றிலொரு மில்லிமீட்டர். 18 எண்ணுள்ள குழல் 6 மில்லிமீட்டர் விட்டமுடையது. இன்றும் உலகெங்கும் வடிகுழாயின் உறைமீது காணப்படும் எண் இவ்வளவையே குறிக்கிறது. நெலாத்தோன் கந்தகமேற்றிய இரப்பரால் நெகிழும் குழலை அறிமுகப்படுத்தினார். 1890இல் நெக்கேர் மருத்துவமனையில் சிறுநீர் நோய்களுக்கெனத் தனிப் பேராசிரியர் பதவி நிறுவப்பட்டு, அதில் ஃபெலிக்ஸ் குயோன் அமர்ந்தார்.

பருத்த புராஸ்டேட் சுரப்பியை அகற்றும் அறுவை முறையின் வரலாற்றில் இந்தியாவுக்கும் இடமுண்டு. இந்திய மருத்துவப் பணியில் இருந்து வடஇந்திய ஊர்களில் கல்லுடைப்புச் சிகிச்சையில் தேர்ந்த பீட்டர் ஃபிரேயர், இலண்டன் திரும்பியபின் அடிவயிற்றின் வழியாக அச்சுரப்பியை அகற்றும் முறையை 1901இல் வெளியிட்டார். 1945இல் டெரன்ஸ் மில்லின், சிறுநீர்ப்பையைத் திறக்காமல் அதே அறுவையைச் செய்யும் முறையை வெளியிட்டார். பையினுள் தானே தங்கி நிற்கும் பலூன் வடிகுழாய் 1930களில் ஃபோலி பெயரால் பரவியது. எனினும் குழலோடு தொற்றும் உள்ளே புகுந்தது. நீரை வடித்தெடுப்பதில் தேர்ந்திருந்த மருத்துவம், வடித்தபின் நேரும் தொற்றைத் தடுப்பதில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை தடுமாறியே வந்தது.

பிரெஞ்சுப் புதுச்சேரி: பள்ளியும் பதிவேடும்

1823இல் பிரெஞ்சு அரசு புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளியைத் தோற்றுவித்தது. இன்றைய ஜிப்மர் நிறுவனம் தன் தொடக்கத்தை அப்பள்ளியிலிருந்தே கணக்கிடுகிறது. பாரீஸில் வளர்ந்த மருத்துவத்தின் மொழியாகிய பிரெஞ்சே அப்பள்ளியின் மொழியாகவும் இருந்தது. இதனோடு யாழ்ப்பாணத்தை ஒப்பிடுதல் பயன்தரும். 1847இல் அங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஷ் கிறீன், மானிப்பாயைத் தளமாகக் கொண்டு தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ஆங்கில அறுவை மருத்துவ நூலொன்றை 'இரணவைத்தியம்' என்னும் பெயரில் 1867இல் தமிழாக்கி வெளியிட்டார். உடலுறுப்புகளுக்கும் கருவிகளுக்கும் தமிழ்ப் பெயரிடும் தேவை அங்கு எழுந்தது. புதுச்சேரியிலோ மருத்துவர் பிரெஞ்சில் கற்றார். நோயாளி தமிழில் வருந்தினார். இரண்டுக்குமிடையே எழுத்துவழித் தமிழ்ப் பாலம் ஒன்று அமையவில்லை.

பதிவேடுகளின் நிலையும் இம்மௌனத்தைக் கூட்டியது. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி மக்களிடையே பிரெஞ்சுச் சிவில் பதிவு முறை நடைமுறைக்கு வந்தது. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அது ஒழுங்காகப் பதிந்தது. குடும்ப வரலாற்றுக்கு அது அளிக்கும் செல்வம் பெரிது. பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின்படி இறப்புப் பதிவில் இறந்தவரின் பெயர், வயது, தொழில், வாழிடம், பெற்றோர் முதலிய விவரங்கள் இடம்பெறும். இறப்பின் காரணம் இடம்பெறாது. நகரின் வடபுறத்தே நெசவாளர் குடியிருப்பாக வளர்ந்த முத்தியால்பேட்டையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அங்கு ஒரு நெசவாளர் முதுமையில் நீர் கட்டி இறந்திருப்பின், பதிவேட்டில் அவர் பெயர் இருக்கும், நெசவுத்தொழில் இருக்கும், வயது இருக்கும், நோய் இராது. வீட்டாரின் பேச்சில் நோய் இடக்கரடக்கலால் மறைந்தது. அரசின் பதிவேட்டில் சட்ட மரபால் மறைந்தது. மறைப்புக்கு உள்நோக்கம் எதுவும் இல்லாதபோதும் விளைவு ஒன்றே.

1950: பதிவான ஒரு நோய்

இப்பின்புலத்தில்தான் ஸ்ரீ அரவிந்தரின் இறுதி நோய் குறித்த பதிவுகளின் அருமை புலப்படும். 1872ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15இல் பிறந்த அவர், 1910ஆம் ஆண்டு ஏப்ரல் 4இல் புதுச்சேரியை அடைந்து, இறுதிவரை அந்நகரிலேயே வாழ்ந்தார். 1938 நவம்பரில் தவறி விழுந்து தொடையெலும்பு முறிந்தபின், அவருக்கு அணுக்கத் தொண்டு புரிய ஒரு சிறு குழு அமைந்தது. எடின்பரோவில் மருத்துவம் பயின்ற நிரோத்பரண் அக்குழுவில் ஒருவர். 'சாவித்திரி' காவியத்தை ஸ்ரீ அரவிந்தர் சொல்லச்சொல்ல எழுதியவரும் அவரே. கல்கத்தாவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் பிரபாத் சன்யால் இறுதி நாட்களில் சிகிச்சைக்காக அழைக்கப்பட்டவர். இருவரும் தாம் கண்டவற்றைப் பின்னர் எழுதி வெளியிட்டனர். நிரோத்பரணின் 'ஸ்ரீ அரவிந்தருடன் பன்னிரண்டு ஆண்டுகள்' என்னும் பொருள்படும் ஆங்கில நூல் 1972இல் வந்தது.

இப்பதிவுகள் தரும் வரலாறு இது: சிறுநீர் அடிக்கடி கழிதல் என்னும் அறிகுறியே முதலில் கவனிக்கப்பட்டது. புராஸ்டேட் சுரப்பி பருத்திருப்பது கண்டறியப்பட்டது. சிலகாலம் அறிகுறிகள் தணிந்தன. 1950 நவம்பரில் மீண்டும் தோன்றி மிகுந்தன. ஆயினும் நவம்பர் 24ஆம் நாள் தரிசனத்தை அவர் தவிர்க்கவில்லை. அடியார் வரிசைக்கு வழக்கம்போல் காட்சியளித்தார். அதன்பின் அடைப்பு கடுமையாயிற்று; வடிகுழாய் செலுத்தி நீர் வெளியேற்றப்பட்டது. நவம்பர் இறுதியில் சன்யால் வந்து சேர்ந்தார். சிறுநீரகத் தொற்றும், தொடர்ந்து இரத்தத்தில் யூரியா மிகுந்த நிலையும் ஏற்பட்டன. கடுமையான சிகிச்சைகள் மேற்கொள்ளப்படவில்லை. டிசம்பர் 5ஆம் நாள் அதிகாலை 1.26 மணிக்கு உயிர் பிரிந்தது. டிசம்பர் 9இல் ஆசிரம முற்றத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

மருத்துவ வரலாற்று நோக்கில் இது நீரடைப்பின் முழுமையான போக்கு. அடிக்கடி கழிதலில் தொடங்கி, இடையே தணிந்து, பின் அடைப்பு, வடிகுழாய், தொற்று, சிறுநீரகச் செயலிழப்பு எனப் படிப்படியாக அது நகர்ந்தது. சுரப்பியை அகற்றும் அறுவை அப்போது உலகில் வழக்கிலிருந்தது. பென்சிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் வந்திருந்தன. கோல்ஃப் 1943இல் அமைத்த செயற்கைச் சிறுநீரகமோ அக்காலத்தில் ஐரோப்பா, அமெரிக்க மையங்கள் சிலவற்றிலேயே இயங்கியது. யூரியா மிகுந்த நிலையை அடைந்துவிட்ட 78 வயது நோயாளிக்கு அன்றைய மருத்துவம் தரக்கூடியது மிகக் குறைவே.

இருவகை வாசிப்பு

இந்நிகழ்வைக் குறித்து இருவகை வாசிப்புகள் உள்ளன. அடியார் வாசிப்பில் இது விரும்பி மேற்கொண்ட உடல்நீப்பு. நோய் அதற்கு ஒரு வாயில் மட்டுமே. யூரியா மிகுந்து நினைவிழந்திருக்க வேண்டிய நோயாளி இடையிடையே விழித்து நீர் கேட்டதையும் பேசியதையும் சன்யால் வியப்போடு பதிவு செய்திருப்பது இவ்வாசிப்புக்குத் துணையாகக் கொள்ளப்படுகிறது. மருத்துவ வாசிப்பில் இது முதுமையில் பல ஆண்களுக்கு நேரும் அடைப்பின் இயல்பான முடிவு.

ஆய்வாளர் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்து மற்றொன்றைத் தள்ளவேண்டிய கட்டாயமில்லை. இரு வாசிப்புகளுக்கும் சான்று தருவோர் அதே மனிதர்களே என்பது கருதத்தக்கது. நிரோத்பரணும் சன்யாலும் அடியாராகவும் மருத்துவராகவும் ஒருசேர நின்று எழுதினர். அடியார் என்ற முறையில் அவர்கள் எழுதியவை நம்பிக்கையின் வரலாற்றுக்கு உரியவை. மருத்துவர் என்ற முறையில் அவர்கள் செய்தது வேறொரு வகையில் முக்கியமானது. தாம் இறைநிலையில் வைத்துப் போற்றிய ஒருவரின் சிறுநீர் அறிகுறிகளையும் வடிகுழாய் செலுத்தியதையும் அவர்கள் மறைக்கவில்லை. மகான்களின் இறுதியைச் 'சமாதி அடைந்தார்', 'சோதியில் கலந்தார்' என்னும் மங்கல வழக்கால் முடித்துவிடும் எழுத்து மரபு வலுவாக உள்ள நாட்டில், உறுப்பையும் நோயையும் கருவியையும் பெயர்சொல்லி எழுதியது குறிப்பிடத்தக்க விலகலாகும். அவ்வெழுத்து ஆங்கிலத்தில் அமைந்தமை அவ்விலகலை எளிதாக்கியிருக்கலாம். தாய்மொழியில் இடக்கராகப்படும் சொல், பயின்ற மொழியில் வெறும் கலைச்சொல்லாக நின்றுவிடுகிறது.

இப்பதிவு ஓர் ஏற்றத்தாழ்வையும் உணர்த்துகிறது. உடனிருந்து நோக்க மருத்துவர், கல்கத்தாவிலிருந்து வரவழைக்கத்தக்க வல்லுநர், நாள்தோறும் குறித்துவைக்கும் எழுத்தறிவாளர், வெளியிட அச்சகம் என இத்தனையும் வாய்த்ததாலேயே ஒரு படுக்கையறையின் நோய் வரலாறாயிற்று. அதே நகரின் வடபுறத்துத் தறிவீடுகளில் அதே நோய் நேர்ந்தபோது இவற்றுள் ஒன்றும் வாய்க்கவில்லை.

1950க்குப் பின்

1954 நவம்பரில் புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1956இல் புதிய மருத்துவக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1964இல் அது ஜிப்மர் எனப் பெயர்பெற்று மத்திய அரசின் நிறுவனமாயிற்று. பிற்காலத்தில் வடிகுழாயோடு மூடிய பை இணைக்கும் முறை பரவியதால் தொற்று குறைந்தது. புறவழி வாயிலாகவே சுரப்பியைச் செதுக்கும் அறுவை பரவலாயிற்று. சுரப்பியின் தசையைத் தளர்த்தும் மாத்திரைகள் வந்தன. தண்டுவடம் பாதிக்கப்பட்டோர் தாமே வேளைதோறும் தூய குழலால் நீரை வெளியேற்றிக்கொள்ளலாம் என்பதை ஜாக் லேப்பிடஸ் 1972இல் வெளியிட்டார். ஓர் அரிய மருத்துவச் செயல் அதன்வழி அன்றாட வீட்டுப் பழக்கமாக மாறியது.

கருவி இவ்வளவு எளிதாகியும் சொல் அதே விரைவில் எளிதாகவில்லை. 'சிறுநீர் வெளியேற்றத்தில் இடர்ப்பாடு உள்ளதா' என்னும் ஏட்டுத்தமிழ் வினா நோயாளியைச் சென்றடைவதில்லை. 'அடிக்கடி போகிறதா' என்னும் வினா நிறைந்த பையை நீரிழிவாகக் காட்டிவிடக்கூடும். 'ஒன்றுக்குப் போய்வந்த பிறகும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றுகிறதா', 'முக்கவேண்டியிருக்கிறதா', 'சொட்டுச்சொட்டாக வருகிறதா' என்னும் வினாக்களில்தான் வழக்கு மொழியும் நோயறிவும் ஒன்றுசேர்கின்றன. மரபு ஏடுகள் நீர்ச்சுருக்கு, நீர்க்கடுப்பு, நீர்க்கட்டு எனப் பிரித்துவைத்த நுட்பம் இங்குப் பயன்தரும். கலைச்சொல்லாக்கம் பெயரிடுதலோடு நின்றுவிடாமல் வினாவுதலையும் தன் பணியாகக் கொள்ளவேண்டும்.

முடிவுரை

நீரடைப்பைக் குறிக்கும் சொல்வளம் தமிழில் இருந்தது. ஆனால் அது ஏட்டில் தங்கியது, நாவில் மறைந்தது. நீரை வெளியேற்றும் கருவியும் நெடுங்காலமாக இருந்தது; தொற்றை வெல்லும் வரை அது அரைத் தீர்வாகவே நின்றது. பிரெஞ்சுப் புதுச்சேரியில் மருத்துவக் கல்வி வேற்றுமொழியில் அமைந்ததும், இறப்புப் பதிவில் காரணம் விடுபட்டதும் சாதாரண மக்களின் நோயை வரலாற்றுக்கு எட்டாததாக்கின. 1950ஆம் ஆண்டின் ஒரு படுக்கையறைப் பதிவு இவ்விடைவெளியின் அளவைக் காட்டுகிறது. அதனை ஒரு மகானின் மறைவாக மட்டும் வாசிப்பது அப்பதிவின் பயனைச் சுருக்குவதாகும். அடிக்கடி கழிதல் என்னும் எளிய முறையீட்டுக்குள் எத்தகைய இறுதி மறைந்திருக்கக்கூடும் என்பதற்கு அது ஒரு சான்று. பெயர் மட்டும் எஞ்சிய முத்தியால்பேட்டை நெசவாளர் போன்றோரின் எழுதப்படாத நோய்களை உய்த்துணரக் கிடைக்கும் அளவுகோலும் அதுவே.